பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் ஸ்டீயரிங் முனக ஆரம்பித்தால் முதல் பழி பம்ப் மீதுதான் விழுகிறது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பம்ப் மாட்டுகிறார்கள். மறுநாளே அதே முனகல் கேட்கிறது. ஆயில் குறைந்தாலும், காற்று புகுந்தாலும், ஹோஸ் அடைத்தாலும் கத்துவது பம்ப்தான். அதனால்தான் இந்தப் பக்கத்தில் பம்பைக் கழற்றும் பேச்சு கொஞ்சம் பின்னால்தான் வரும்.

இங்கே சொல்வதெல்லாம் எஞ்சின் பெல்ட்டால் சுழலும் பம்பும் ஆயில் அழுத்தமும் கொண்ட ஹைட்ராலிக் வகைக்கு. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் இதை முதன்முதலில் விற்பனைக் காரில் கொண்டுவந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அடிப்படை மாறவில்லை: ஒரு பம்ப், ஓர் ஆயில் தொட்டி, பம்பிலிருந்து ஆயிலைக் கொண்டுபோகும் அழுத்த ஹோஸ், தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஹோஸ், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸ் அல்லது ரேக் (பற்சட்டம்).

சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிட முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் காதுக்கு முனகலாகக் கேட்பது இன்னொருவருக்கு உறுமலாகக் கேட்கும். நேரத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

எஞ்சின் வேகம் ஏற ஏற "ஙொய்ய்" என்ற சத்தமும் ஏறி, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இன்னும் மோசமானால், ஆயிலில் காற்று கலந்திருக்கிறது அல்லது பம்புக்குப் போதிய ஆயில் கிடைக்கவில்லை. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது மட்டும் "கீச்" என்று அலறினால் பெல்ட் வழுக்குகிறது. நின்ற இடத்தில் திருப்பும்போது "உஸ்ஸ்" என்று சீறினால் அநேகமாக அது கோளாறே அல்ல. மேடுபள்ளத்தில் "டொக் டொக்" என்று தட்டினால் ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு இணைப்புகளைப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் தொடாமலே, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு பேரிங் போய்விட்டது. அது பவர் ஸ்டீயரிங் பம்பின் பேரிங்தானா என்பது அடுத்த கேள்வி.

ஒரு காகிதத்தில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபிறகா, நிற்கும்போதா ஓடும்போதா, இடப்பக்கம் திருப்பும்போதா வலப்பக்கமா, இரண்டுக்குமா. இந்தக் காகிதத்தோடு போனால் மெக்கானிக்கின் நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

நின்ற இடத்தில் திருப்பும்போது சீறுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஸ்டீயரிங் பாக்ஸின் உள்ளே இருக்கும் வால்வின் மிகச் சிறிய இடைவெளி வழியாக அதிக அழுத்தத்தில் ஆயில் பாயும் சத்தம் அது. நின்ற இடத்தில் திருப்பும்போதும் கடைசிவரை ஒடிக்கும்போதும்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அப்போது சீறுவது இயல்பு. இதற்காக வால்வை மாற்றினால் புதிய வால்வும் சீறும்.

முன்பு மெல்லக் கேட்டது திடீரென்று காருக்குள் உரக்கக் கேட்க ஆரம்பித்தால் மட்டும், ஸ்டீயரிங் தண்டு பாக்ஸோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ரப்பரும் துணியும் சேர்ந்த ஒரு வட்டத் தகடு இருக்கும். அது நைந்து போய் இரும்பு இரும்பைத் தொட்டுவிட்டால், பாக்ஸின் சத்தம் முழுவதும் தண்டு வழியாக ஸ்டீயரிங் சக்கரத்துக்கே ஏறிவரும்.

கடைசிவரை ஒடித்த நிலையில் பிடித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த நிலையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டும். மிகை அழுத்தத்தைத் தணிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். முட்டியதும் ஒரு விரற்கடை திருப்பி விட்டாலே போதும்.

தொட்டியில் ஆயில் சரியாக இருக்கிறது. ஆனாலும் முனகுகிறது. ஏன்?

அளவு சரி. ஆயிலின் நிறத்தைப் பார்த்தீர்களா? எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு மூன்று முறை திருப்பி, எஞ்சினை அணைத்த உடனே மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் காற்று இல்லை. இளஞ்சிவப்புப் பாலாகக் கலங்கியிருந்தாலோ மேலே நுரை கட்டியிருந்தாலோ காற்று கலந்திருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் தொட்டியில் மட்டம் மேலேறினால் அதுவும் காற்றுக்கு அடையாளம்: அழுத்தத்தில் நசுங்கியிருந்த குமிழிகள் விரிந்து ஆயிலை மேலே தள்ளுகின்றன.

இந்தக் குமிழிகள் பம்பின் அழுத்தப் பக்கத்துக்குப் போனதும் உடைந்து நொறுங்குகின்றன. முனகல் அதிலிருந்துதான் வருகிறது. நீண்ட நாள் இப்படியே ஓட்டினால் பம்பின் உட்பரப்பு அரிக்கப்பட்டு, கடைசியில் பம்ப் உண்மையிலேயே கெட்டுப்போகும்.

காற்று எங்கிருந்து வந்தது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லையே, கசிவில்லாமல் காற்று எப்படிப் புகும் என்று கேட்பார்கள். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பது அழுத்தம் அல்ல, இழுவை. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்தால் வாயில் காற்று வருமே தவிர, குழலிலிருந்து இளநீர் வெளியே ஒழுகாது. தொட்டி தனியாகவும் பம்ப் தனியாகவும் இருக்கும் கார்களில் இரண்டுக்கும் நடுவே உள்ள ஹோஸையும் அதன் கிளாம்ப்புகளையும் முதலில் சந்தேகியுங்கள். பல ஆண்டு வெப்பத்தில் ரப்பர் இறுகிப்போய், கிளாம்ப் இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பிடிமானம் இருக்காது. தொட்டியும் பம்பும் ஒன்றாக இணைந்த வகையில் (அமெரிக்கக் கார்களில் பரவலாக இருந்த சாகினா பம்ப் இந்த வகை) தகரத் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஓ-ரிங்குகளும் (ரப்பர் வளையங்கள்), பம்பின் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் சீலும் சந்தேகத்துக்குரியவை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, சந்தேகப்படும் இணைப்பைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸ் பூசிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். சத்தம் குறைந்தால் ஓட்டை அங்கேதான். தண்டு சீலுக்கு இந்த வழி உதவாது. புல்லி சுழலும் இடத்தில் கையை விடவும் கூடாது.

காற்றை எப்படி வெளியேற்றுவது?

எஞ்சினை ஓடவிடாமல். ஆயில் ஊற்றியதும் எஞ்சினைக் கிளப்பி ஸ்டீயரிங்கை அங்குமிங்கும் சுற்றுவதுதான் பெரும்பாலோர் செய்வது. பம்ப் அந்தக் காற்றை ஆயிலோடு கடைந்து நுரையாக்கிவிடும். நுரை அடங்க மணிக்கணக்காகும்.

முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்ய வேண்டாம். ஸ்டீயரிங் பூட்டு உள்ள காரானால் சாவியைத் திறந்த நிலையில் வையுங்கள். தொட்டியில் குளிர்நிலைக் குறி வரை ஆயில் ஊற்றி, ஒருவர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் சில திருப்பங்களில் பெரிய குமிழிகள் பொட்டுப் பொட்டென்று மேலே வந்து உடையும், மட்டம் சட்டென்று இறங்கும். உடனே ஊற்றுங்கள். தொட்டி ஒரு முறை காலியானாலும் செய்த வேலை அத்தனையும் வீண். போகப்போகக் குமிழிகள் கடுகளவாகச் சிறுத்து, பிறகு நின்றுவிடும். 20 முறையாவது இப்படித் திருப்ப வேண்டும். நீண்ட ஹோஸ் உள்ள பெரிய கார்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம். அவசரம் வேண்டாம். வேகமாகத் திருப்பினால் கையாலேயே நுரை கடைந்தது போலாகும்.

அதன்பின் எஞ்சினைக் கிளப்பி ஐட்லிங்கில் விட்டு, கோடிகளில் முட்டாமல் சில முறை திருப்பிவிட்டு அணையுங்கள். ஆயில் இன்னும் பாலாக இருந்தால் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் தெளிந்திருக்கும். மட்டத்தைச் சரிசெய்து மறுபடி பாருங்கள்.

இதற்கும் மசியாத கார்கள் உண்டு. அவற்றுக்குத் தொட்டியின் வாயில் ரப்பர் அடைப்பான் பொருத்தி, கையால் இயக்கும் வெற்றிட பம்ப் கொண்டு 15 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்துச் சில நிமிடம் வைத்திருந்தால், மூலைகளில் ஒளிந்த காற்று வெளியே வரும். இதற்கும் மூன்று நாளில் முனகல் திரும்பி வந்தால், காற்று புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள்.

எந்த ஆயில் ஊற்றுவது?

காரின் கையேடு சொல்வதை. 1950-கள் முதல் 1970-கள் வரை வந்த கார்களில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயிலையே பவர் ஸ்டீயரிங்குக்கும் கேட்டன. அது சிவப்பாக இருக்கும். பின்னால் வந்த கார்களுக்குத் தனிப் பவர் ஸ்டீயரிங் ஆயில் வந்தது. கையேடு கிடைக்காவிட்டால் பம்பை உருவாக்கிய நிறுவனம் எதைச் சொல்கிறது என்று தேடுங்கள். "எல்லாக் கார்களுக்கும் ஏற்றது" என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.

பிரேக் ஆயில் மட்டும் ஒருபோதும் கூடாது. சாதாரண பிரேக் ஆயில் கிளைகால் வகை. பவர் ஸ்டீயரிங் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்யப்பட்டவை. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை ஊற்றி, பம்ப், பாக்ஸ், ஹோஸ் எல்லாவற்றின் சீலையும் மாற்றும்படி ஆன கார்கள் ஏராளம்.

அளவும் முக்கியம். நிறைய ஊற்றினால் நல்லதுதானே என்று விளிம்புவரை ஊற்றினால், ஆயில் சூடாகி விரிந்து மூடி வழியாக வழிந்து பெல்ட்டில் விழும். பிறகு பெல்ட்டும் கீச்சிட ஆரம்பிக்கும்.

கடைசிவரை திருப்பினால் கீச்சிடுகிறது. பெல்ட்டை இறுக்கினேன், போகவில்லை.

பெல்ட்டைக் கழற்றி அதன் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் அது இறுகிக் கருகிவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஆயில் நனைந்த பெல்ட்டும் அப்படியே. துடைத்துப் போட்டுப் பயனில்லை, மாற்றுங்கள்.

அடுத்துப் புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். வி-பெல்ட் பக்கச் சுவர்களால் பிடிக்க வேண்டுமே தவிர, அடியில் உட்காரக் கூடாது. பள்ளத்தின் அடிப்பகுதி தேய்ந்து மினுமினுத்தால், பெல்ட் அகலம் குறைந்தது அல்லது புல்லி தேய்ந்துவிட்டது. கடையில் நீளத்தை மட்டும் அளந்து வாங்கி, அகலத்தைக் கவனிக்காமல் விடுவதால் வரும் தொல்லை இது.

பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் கீச்சு போய், பம்ப் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அரைக்கத் தொடங்கும். இறுக்கும்போது பம்பின் தகரத் தொட்டியில் கம்பியை மாட்டி நெம்பாதீர்கள்; தொட்டி நசுங்கி ஓ-ரிங் இடத்தில் காற்று புக வழி பிறக்கும். பம்பைத் தாங்கும் பிராக்கெட்டுகள் பலவற்றில் நெம்புவதற்கென்றே சதுரத் துளையோ தடித்த காதோ இருக்கும்.

சத்தம் பெல்ட்டிலிருந்துதான் வருகிறதா என்று தெரியாவிட்டால், ஓடும் பெல்ட்டில் தூரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்றாலும் அதிகரித்தாலும் பெல்ட்தான். கொஞ்ச நேரம் நின்று திரும்பி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. நனைந்ததும் இன்னும் அலறினால் இறுக்கம் போதவில்லை. விசிறிக்கு எட்டாத தூரத்தில் நின்று செய்யுங்கள். தொங்கும் உடையோடு பக்கத்தில் போகாதீர்கள்.

பம்ப்தான் கெட்டது என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

மூன்று சோதனைகள். முதலில் பம்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில விநாடி ஓடவிடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் பம்ப் நிரபராதி. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பக்கம் போங்கள். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது என்றால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். பெல்ட் இல்லாத நிலையில் பம்ப் புல்லியைக் கையால் சுழற்றுங்கள், ஆட்டிப் பாருங்கள். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது.

இரண்டாவது, ஆயில். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். வெள்ளித் துகள்கள் மின்னினால் பம்பின் உட்பாகங்கள் தேய்கின்றன. கறுப்பாக, மை போல இருந்தால் ஹோஸின் உள் ரப்பர் கரைகிறது. அது பம்பின் குற்றம் அல்ல.

மூன்றாவது, அழுத்தமானி. பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே வால்வோடு கூடிய மானியைப் பொருத்தி, வால்வை 5 விநாடிக்கு மிகாமல் மூடிப் பார்க்க வேண்டும். மூடியபோது கையேட்டில் உள்ள அழுத்தம் வந்து, வால்வைத் திறந்து ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தபோது வராவிட்டால், பாக்ஸின் உள்ளே கசிகிறது. மூடியபோதே வராவிட்டால் பம்ப். அப்போதும் உடனே தூக்கி எறிய வேண்டாம்: பம்பின் பின்புறம் உள்ள, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃபுளோ வால்வு அழுக்கில் சிக்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். அதைக் கழற்றிக் கழுவி, துளைக்குள் விரலால் தள்ளினால் தடையின்றி வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள்.

பம்பை நானே பிரித்துச் சேர்த்தேன். முன்பைவிட மோசமாகக் கத்துகிறது.

பிளேடுகளைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பம்புக்குள் சுழலும் ரோட்டரின் பள்ளங்களில் உட்காரும் அந்தச் சிறு இரும்புத் தகடுகளின் ஒரு விளிம்பு உருண்டும் மறு விளிம்பு தட்டையாகவும் இருக்கும். உருண்ட விளிம்பு வெளிப்பக்கம், அதாவது சுற்றி இருக்கும் வளையத்தைத் தொடும்படி இருக்க வேண்டும். நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். வளையத்துக்கும் திசை உண்டு. அம்புக்குறி இருந்தால் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று புல்லி. அழுத்திப் பொருத்தும் வகைப் புல்லியைச் சுத்தியால் அடித்து ஏற்றினால் அடி முழுவதும் பம்பின் உள்ளே இறங்கும். அதற்கென்று உள்ள இழுவைக் கருவியும் ஏற்றும் கருவியும் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

புதிய அழுத்த ஹோஸ் போட்டபிறகு ரீங்காரம் வந்தது. ஹோஸுக்கும் சத்தத்துக்கும் என்ன தொடர்பு?

நிறைய. பம்ப் ஆயிலைச் சீராக அனுப்புவதில்லை. துடிப்பு துடிப்பாகத்தான் தள்ளுகிறது. அந்தத் துடிப்பைத் தணிக்கவே பல கார்களின் அசல் ஹோஸுக்குள் ஒரு சுருள் குழாய் ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர்ப் பட்டறையில் அதே அளவு ரப்பர் ஹோஸை வெட்டி முனை பொருத்தித் தந்தால் அழுத்தம் தாங்கும், கசியாது. ஆனால் அந்தச் சுருள் இருக்காது. துடிப்பு அப்படியே பாக்ஸுக்கும் சட்டத்துக்கும் போய்ச் சேரும். பழைய ஹோஸைத் தூக்கிப் போடும் முன் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே சுருள் இருந்தால் அதே அமைப்புள்ள ஹோஸைத்தான் வாங்க வேண்டும்.

சுருள் எல்லாம் சரி, ஆனாலும் ரீங்காரம் என்றால் ஹோஸ் போகும் வழியைப் பாருங்கள். சட்டத்திலோ மட்கார்டின் உள்பக்கத்திலோ ஓரிடத்தில் உரசினால் போதும், காரே அதிரும். ஓடும்போது ஹோஸைக் கையால் லேசாக நகர்த்தச் சொல்லமாட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு இடையில் ரப்பர் துண்டு வைத்துக் கட்டிப் பாருங்கள்.

பழைய ரிட்டர்ன் ஹோஸும் சத்தம் போடும். வெளியே நன்றாக இருக்கும். உள்ளே ரப்பர் வீங்கியோ தோலாக உரிந்தோ வழியை அடைத்திருக்கும்.

தொட்டிக்குள் ஃபில்டர் இருக்கிறதா?

சில கார்களில் உண்டு. பழைய மெர்சிடிஸ் மாடல்கள் பலவற்றில் தொட்டியின் அடியில் ஒரு காகித ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். அது இருப்பதே தெரியாமல் பல உரிமையாளர்கள் கைமாறிய கார்களில், கறுத்துக் கட்டியாகிப்போன நிலையில் அதைப் பார்க்கலாம். அடைத்த ஃபில்டரும் காற்று புகுந்ததும் ஒரே மாதிரி முனகும். முதலில் பார்க்க வேண்டிய மலிவான விஷயம் இது.

தட்டும் சத்தம் வருகிறது. ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் உள்ள ஸ்க்ரூவை இறுக்கலாமா?

இப்போது வேண்டாம். பாக்ஸின் பற்களுக்கு இடையிலான ஆட்டத்தைச் சரிசெய்யும் அந்த ஸ்க்ரூ, கைக்கெட்டும் இடத்தில் இருப்பதாலேயே அதிகம் கெடுக்கப்பட்டது.

முதலில் ஒருவரை உட்காரவைத்து, சக்கரங்கள் தரையில் இருக்க, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒவ்வோர் இணைப்பிலும் கையை வைத்துப் பாருங்கள்: தண்டின் ரப்பர் இணைப்பு, பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள், பாக்ஸோடு சேரும் பிட்மேன் ஆர்ம், மறுபக்கம் தாங்கும் ஐட்லர் ஆர்ம், சக்கரங்களோடு சேரும் டை ராடு முனைகள். தட்டும் இடம் கைக்கே தெரியும். பாக்ஸ் போல்ட் தளர்ந்து சட்டத்தில் விரிசல் விட்ட கார்களும் உண்டு. அந்த இடத்தில் துரு கலந்த கோடு தெரிந்தால் கவனமாகப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பாக்ஸின் உள்ளேதான் ஆட்டம் என்று உறுதியானால் மட்டுமே ஸ்க்ரூ. அதுவும் பிட்மேன் ஆர்மைப் பிரித்து, ஸ்டீயரிங் சரியாக நடுவில் இருக்கும்போது, கையேடு சொல்லும் முறையில். பாக்ஸின் பற்கள் நடுநிலையில்தான் மிக நெருக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டவை. ஓரத்துக்குத் திருப்பிய நிலையில் ஆட்டத்தை எடுத்தால், நேராக ஓட்டும்போது பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். தட்டும் சத்தம் போகும். வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. சாலையில் அது தட்டுவதைவிட ஆபத்து.

என் காரில் பாக்ஸுக்கு வெளியே ஒரு சிலிண்டர் தெரிகிறது. இது என்ன வகை?

1970 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங், 1963 முதல் 1982 வரை வந்த கார்வெட் போன்றவற்றில் சாதாரண பாக்ஸும், இணைப்புத் தண்டில் தனி வால்வும், தள்ளிவிடத் தனி சிலிண்டரும் இருக்கும். ஹோஸ்களும் அதிகம், காற்று தங்கும் மூலைகளும் அதிகம். காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். சிலிண்டரின் ஒரு முனை சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்கள் இருக்கும். அவை நைந்தால் திருப்பும்போதெல்லாம் "டக்" என்று ஒரு தட்டல் வரும். புஷ்களை மாற்றினால் போய்விடும்.

சிட்ரோயன் டி.எஸ். காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. 1955-இல் வந்த அந்தக் காரில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் ஒரே உயர் அழுத்த அமைப்பில் இயங்குகின்றன. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அவ்வப்போது "டிக்" என்று அழுத்தம் ஏற்றுவதை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் அதன் இயல்பான பேச்சு. அந்த இடைவெளி மிகவும் குறுகினால் மட்டும் ஸ்டீயரிங்கை அல்ல, அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டையை முதலில் சந்தேகியுங்கள். ஆயிலில் மிக எச்சரிக்கை: தொடக்ககாலக் கார்களுக்கு எல்.ஹெச்.எஸ். என்ற வகை ஆயில், 1966-இன் பிற்பகுதியிலிருந்து பச்சை நிற எல்.ஹெச்.எம். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் சீல்கள் எல்லாம் போகும். பாகங்களின் பூச்சைப் பாருங்கள். கறுப்பு பழையதற்கு, பச்சை எல்.ஹெச்.எம். வகைக்கு.

கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கிறார்களே, ஊற்றலாமா?

அவை சீலை ஊதவைத்து மென்மையாக்குகின்றன. சில வாரம் கசிவு நிற்கலாம். பிறகு அதே சீல் இளகிப் பதம் கெட்டுப்போகும். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விற்கப்போகும் காரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. வாங்கப்போகிறவர்கள் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அகல டயர் போட்டபிறகு சத்தம் அதிகமாகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். தரையைப் பிடிக்கும் பரப்பு கூடினால் திருப்புவதற்கான சுமை கூடும். பம்ப் அதிக அழுத்தத்தில் உழைக்கும், பெல்ட்டும் வழுக்கப் பார்க்கும். முதலில் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிற்கும் காரில் ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், சக்கரம் ஒரு முழமாவது உருளும்போது திருப்பப் பழகுங்கள்.

சத்தத்தோடு ஓட்டலாமா?

முனகல் மட்டும் இருந்து ஆயில் மட்டம் இறங்காமல் இருந்தால் பட்டறை வரை ஓட்டலாம். மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் ஓட்டாதீர்கள். அழுத்த ஹோஸிலிருந்து பீறிடும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். வளைவில் உதவி திடீரென்று நின்றால் ஸ்டீயரிங் திரும்பும், ஆனால் இரும்பாகக் கனக்கும்.

கசிவு எங்கே என்று ஓடும் எஞ்சினில் விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டையை நீட்டுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரை எடுத்தால் சில விநாடி முனகி அடங்குகிறது. சரிதானா?

குளிர்ந்து தடித்த ஆயில் ஓடத் தொடங்கும்வரை முனகுவது சகஜம். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் நீண்டுகொண்டே போனால், நிற்கும் நாட்களில் ஆயில் மெல்ல வடிந்து காற்று உள்ளே வருகிறது என்று பொருள்; ரிட்டர்ன் ஹோஸின் கிளாம்ப்புகளிலிருந்து தேட ஆரம்பியுங்கள். அந்த ஆயில் எத்தனை வருடம் பழையது என்று தெரியாவிட்டால், பெரிய சிரிஞ்சால் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்து புதியது ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி உறிஞ்சுங்கள். நிறம் தெளியும்வரை சில நாள் இடைவெளியில் இதையே செய்தால் போதும். ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை.